282 மார்க்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் நம்ம பிள்ளைகளும்

(சித்தன்னவாசலில் நடந்த மாணவர் ஒருநாள் முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடுமானவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'வெளிநாட்டில் உயர்கல்வி'. எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுல இறங்கினாலும் இந்தத் தலைப்புல ஒரு ஃபிளெக்ஸ் தொங்குது. அந்த வேலையைச் செய்ய ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள், நான் தேவையில்லை. அதனால் தலைப்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். முதல் இரண்டு செமஸ்டரில் அரியர் வைத்து, அப்புறம் மேலே ஏறி, மேடும் பள்ளமுமான ஒரு மார்க் ஷீட்டோடு பட்டம் முடித்த சேரிப் பிள்ளை அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட முடியுமா? போட்டால் அந்த மார்க் ஷீட்டை அங்கே எப்படிப் படிப்பார்கள்? பணத்துக்கு என்ன வழி? இந்த மூன்று கேள்விகளைத்தான் பேசப்போகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் வரலாற்றிலேயே இருக்கிறது. 1907இல் பம்பாயில் மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதிய ஒரு மாணவர் 750க்கு 282 மார்க் வாங்கினார். நூற்றுக்கு 38கூட வரவில்லை. அந்த மாணவர் 1913இல் நியூயார்க் போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் படத்துக்குக் கீழேதான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இந்த 282ஐ நாம் சரியாகப் பேசுவதே இல்லை. ஒரு சாரார் மறைத்துவிடுகிறார்கள். அண்ணல் என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து முதல் மாணவர் என்று போஸ்டர் அடித்தால்தான் மரியாதை என்று நினைக்கிறார்கள். இன்னொரு சாரார், அந்தக் காலத்தில் தீண்டப்படாதவர் பாஸ் பண்ணினதே பெரிசு என்று சமாதானம் சொல்கிறார்கள். மார்க்கு என்பது அறிவை நிறுத்துப் பார்த்த எடைக்கல் என்கிற நம்பிக்கை இரண்டு பேருக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது? வீட்டிலிருந்து கோணித்துண்டு கொண்டுபோய் வகுப்பில் தனியாக உட்கார்ந்த பையன் இருக்கிறான். மேலே இருந்து யாராவது தண்ணீர் ஊற்றினால்தான் குடிக்க முடியும், ஊற்றுகிற பியூன் வராத நாளில் தாகத்தோடு வீட்டுக்குப் போன பையன் இருக்கிறான். சமஸ்கிருதம் படிக்கிறேன் என்று கேட்டதற்குக் கதவடைத்து, பாரசீகத்துக்குத் தள்ளிவிட்ட பள்ளி இருக்கிறது. பம்பாய் பரேலில் குடும்பமே முடங்கிக் கிடந்த ஒற்றை அறையில், மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் எழுந்து படித்த ராத்திரிகள் இருக்கின்றன. அந்த 282இல் பையனுடைய அளவைவிடப் பள்ளிக்கூடத்தின் அளவுதான் அதிகம் தெரிகிறது.

1913 பிப்ரவரியில் அப்பா ராம்ஜி இறந்துபோகிறார். அதே ஆண்டு பரோடா மன்னர் சாயாஜிராவ் உதவித்தொகை கொடுக்கிறார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்று வருடத்துக்கு. படித்து முடித்தபின் பத்து வருடம் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். மன்னரிடம் அவரை முன்னமே கொண்டுபோய் நிறுத்தியவர் கேலுஸ்கர் என்கிற ஆசிரியர். ஒரு கை தூக்கிவிட்டது, ஒரு கஜானா திறந்தது. அதற்குமேல் அவர் உழைப்பு. கொலம்பியாவில் அவர் எடுத்த பாடங்களை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3. அதற்குமேல் ஆரம்ப நிலை பிரெஞ்சும் ஜெர்மனும். 1915இல் எம்.ஏ. முடித்தார். 1916 மே 9 அன்று கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையைப் படித்தார். அப்போது வயசு 25. சாதி பற்றிய ஆய்வில் இன்றைக்கும் அந்தக் கட்டுரையைத் தாண்டிப் போக முடிவதில்லை. 1922இல் லண்டனில் டி.எஸ்சி. பட்டத்துக்குக் கொடுத்த ஆய்வேட்டைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். திருத்தினார், 1923இல் பட்டம் வாங்கினார். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அரியர் என்றால் என்ன என்று அவருக்கும் தெரியும்.

இப்போ நம்ம மார்க் ஷீட்டுக்கு வருவோம். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ்வழி. காலேஜில் முதல் நாள் முதல் மணி நேரமே இங்கிலீஷ். வாத்தியார் சொல்றது மண்டையில ஏறதுக்குள்ள மொத செமஸ்டர் முடிஞ்சுரும். விடுதியில் இடம் கிடைக்காது. கிடைத்தால் படிக்க மேசை இருக்காது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வருசக் கடைசியில் வரும், ஃபீஸ் மட்டும் வருச ஆரம்பத்தில் கட்டச் சொல்வார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் ஊருக்குப் போக வேண்டும். இவ்வளவும் சேர்ந்து இரண்டு தாள் போகும். மூன்றாவது செமஸ்டரில் பாஷை பிடிபடும். ஐந்தாவது, ஆறாவதில் அதே பிள்ளை வகுப்பில் முதல் வரிசை மார்க் வாங்கும். கடைசியில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் 58 சதவீதம். நம்ம ஊரில் அந்த 58ஐ மட்டும் பார்ப்பார்கள். 40இல் தொடங்கி 75இல் முடிந்த ஓட்டத்தை யாரும் பார்ப்பதில்லை.

அங்கே அதைப் பார்க்கச் செய்ய முடியும். கருணையால் இல்லை, அவர்கள் விண்ணப்பத்தைப் படிக்கிற முறை அப்படி. அமெரிக்காவில் நாடு முழுக்க ஒரே கட்-ஆஃப், ஒரே கவுன்சிலிங் என்று கிடையாது. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் அந்தந்தத் துறையின் ஆசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து படிக்கிறார்கள். மார்க் ஷீட், நோக்க அறிக்கை, மூன்று பரிந்துரைக் கடிதம், நீங்கள் எழுதிய ஒரு கட்டுரை மாதிரி, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் எல்லாம் சேர்த்துத்தான் முடிவு. ஜி.ஆர்.இ. தேர்வை 2020க்குப் பிறகு நிறையத் துறைகள் கைவிட்டுவிட்டன. எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று ஒவ்வொரு துறையாகப் பார்க்க வேண்டும்.

சில நடைமுறைச் செய்திகளைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, நம்ம 60ம் அவர்கள் 60ம் ஒன்றில்லை. இங்கே 60 முதல் வகுப்பு. அங்கே நூற்றுக்கு 60 என்றால் ஃபெயிலுக்குப் பக்கத்தில். அதனால் நீங்களாகவே உங்கள் சதவீதத்தை அவர்களுடைய நாலு புள்ளிக் கணக்குக்கு மாற்றி எழுதாதீர்கள். மார்க் ஷீட்டில் இருப்பதை அப்படியே கொடுங்கள். எத்தனைக்கு எத்தனை, என்ன வகுப்பு, பல்கலைக்கழகத்தின் தர அளவுகோல் என்ன என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். மதிப்பீட்டு நிறுவனத்தின் சான்று வேண்டும் என்று கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு, நம்ம மூன்று வருட பி.ஏ., பி.எஸ்சி. பட்டத்தைப் பல பல்கலைக்கழகங்கள் அவர்களுடைய நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கேயே முதுகலை முடித்துவிட்டுப் போவது பாதுகாப்பு. அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இளங்கலையில் விழுந்த பள்ளத்தை முதுகலை மார்க் தூர்த்துவிடும்.

மூன்று, கடைசி இரண்டு வருட மார்க்கைத் தனியாகப் பார்க்கிற துறைகள் நிறைய உண்டு. உங்கள் ஓட்டம் மேல்நோக்கி இருந்தால் அதை நீங்களே எடுத்துக் காட்ட வேண்டும். சேரப்போகும் துறைக்கான பாடங்களில் மட்டும் என்ன மார்க் என்று தனியாகக் கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

நான்கு, அரியரை மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் சேர்ந்த பிறகும் வெளியே அனுப்புவார்கள்.

ஐந்து, முனைவர் பட்ட விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரிலேயே மூடிவிடும். இடம் கிடைத்து நிதியும் கிடைத்தவர் ஏப்ரல் 15க்குள் பதில் சொல்வது பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்ட வழக்கம். விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 75, 100 டாலர் என்று போகும். கட்டண விலக்கு கேட்டு எழுதினால் பல இடங்களில் கொடுக்கிறார்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அந்த மேடு பள்ளத்தை எப்படி எழுதுவது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நான் படித்துப் பார்த்த விண்ணப்பங்களில் நம்ம பிள்ளைகள் பெரும்பாலும் மன்னிப்புக் கடிதம் எழுதுகிறார்கள். 'நான் ஏழைக் குடும்பத்தில் பிறந்தேன், மார்க் குறைந்ததற்கு வருந்துகிறேன், தயவுசெய்து ஒரு வாய்ப்புத் தாருங்கள்.' தாசில்தார் ஆபீஸில் மனு கொடுத்துப் பழகின கை அப்படித்தான் எழுதும். அந்தக் கையை மாற்ற வேண்டும். ஐந்தாறு வரி போதும். பயிற்றுமொழி எந்த வருடம் மாறியது, எந்த இரண்டு தாள் போனது, எப்போது எழுதி முடித்தேன், கடைசி நான்கு செமஸ்டரில் என்ன மார்க், இப்போது ஆங்கிலத்தில் நான் எழுதியிருக்கும் கட்டுரை இது. காரணம், தேதி, மாற்றம், ஆதாரம். ஒரு சாட்சி கூண்டில் நின்று சொல்வதுபோல நிமிர்ந்து சொல்ல வேண்டும். குற்றவாளிக் கூண்டு நமக்கானதில்லை.

சாதியை எழுதலாமா என்று கேட்கிறீர்கள். எழுதலாம் என்பது என் கருத்து. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்குத் தடை போட்டது. அந்தத் தீர்ப்பிலேயே, ஒருவர் தன் வாழ்க்கையை இனம் எப்படிப் பாதித்தது என்று எழுதினால் அதைப் படிக்கத் தடையில்லை என்றும் இருக்கிறது. கறுப்பின மாணவர்கள் இன்று அந்த வாசலில் நின்றுதான் எழுதுகிறார்கள். நாமும் எழுதலாம். பிறந்த சாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. அது உங்களுக்குள் எந்தக் கேள்வியை எழுப்பியது, அந்தக் கேள்வியை வைத்து என்ன ஆராயப்போகிறீர்கள் என்பது வரைக்கும் போக வேண்டும். புனே எரவாடா சேரியில் வளர்ந்து, இன்று சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருக்கும் ஷைலஜா பைக், தலித் பெண்களின் கல்வியையும் தமாஷாக் கலைஞர்களின் வாழ்க்கையையும்தான் ஆய்வாக எழுதினார். 2024இல் அவருக்கு மெக்ஆர்தர் விருது கிடைத்தது.

கடல் கடந்தால் சாதி கரைந்துவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அங்கே போனவர்களில் ஆதிக்கச் சாதியினர்தான் அதிகம். சாதியையும் பெட்டியில் மடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதனால்தான் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இலும், சியாட்டில் நகரம் 2023இலும் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை கொண்டுவந்தன. அதே 2023இல் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கையெழுத்துப் போடாமல் திருப்பினார். சண்டை அங்கேயும் நடக்குது.

இனிப் பணம். இதில்தான் நம்ம குடும்பங்கள் ஏமாறுகின்றன. முதுகலைப் படிப்புக்கு அங்கே பெரும்பாலும் நாம்தான் காசு கட்ட வேண்டும். முனைவர் பட்டத்துக்கு நல்ல துறைகளில் கல்விக் கட்டணத்தை அவர்களே விலக்கி, பாடம் நடத்த உதவுவதற்கோ ஆய்வுக்கோ மாதச் சம்பளமும் கொடுக்கிறார்கள். ஏஜென்ட் உங்களை முதுகலைக்குத்தான் தள்ளுவார், கமிஷன் அங்கேதான் இருக்கிறது. ஒரே ஒரு பட்டா நிலத்தை அடமானம் வைத்து அனுப்புகிற வேலை வேண்டாம். 2025இல் இருந்து அமெரிக்க அரசு ஆய்வு நிதியைக் குறைத்ததில் முனைவர் பட்ட இடங்களும் பல இடங்களில் குறைந்திருக்கின்றன. மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் விதி போட்டார்கள். இயக்க வேலை செய்கிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

அப்படியானால் நம்ம பரோடா எது? ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைதான். 1954-55இல் தொடங்கியது. ஆண்டுக்கு 125 பேர். அதில் பட்டியல் சாதியினருக்கு 115 இடம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள் இருக்க வேண்டும். இவ்வளவு பெரிய நாட்டில் எத்தனை கோடி தலித் மக்கள், அவர்களுக்கு 115 இடம். சரி, அதையாவது ஒழுங்காகக் கொடுக்கிறார்களா?

முதல் பூட்டு, தகுதிப் பட்டத்தில் 60 சதவீதம். நான் சொன்ன 58 சதவீதப் பிள்ளை, கொலம்பியா பல்கலைக்கழகமே வா என்று கூப்பிட்டாலும், நம்ம அரசிடம் போய் நிற்க முடியாது. அமெரிக்கக்காரன் படிக்கத் தயாராக இருக்கிற மார்க் ஷீட்டை தில்லியில் இருக்கிற அதிகாரி திறந்துகூடப் பார்க்க மாட்டான். மெட்ரிக் வேறு, பட்டம் வேறு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். 282 மார்க்கைப் பார்த்து ஒருவருடைய எதிர்காலத்தை முடிவு செய்திருந்தால் இந்த நாட்டுக்கு அரசியல் சட்டத்தை யார் எழுதியிருப்பார்?

இரண்டாவது பூட்டு இதைவிடப் பெரியது. 2022 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தின் விதிகளைத் திருத்தினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்றார்கள். இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே வசதி இருக்கிறதாம். நாடு முழுக்க எதிர்ப்பு வந்தது. யோசித்துப் பாருங்கள், 'இந்தியாவில் சாதிகள்' என்று ஒருவர் நியூயார்க்கில் கட்டுரை படிக்கப் போகிறேன் என்றால், அவர் பெயரில் விழா எடுக்கிற அரசின் விதி அவரைத்தான் முதலில் வெளியே நிறுத்தும். பரோடா மன்னரின் அரசு மன்னராட்சிதான். அது செய்ததைக் குடியாட்சி செய்ய மறுக்கிறது.

மூன்றாவது பூட்டு கஜானா. 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்வு செய்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். மற்ற 66 பேருக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வான பிள்ளைகள் காத்துக் கிடந்தார்கள்.

இதை ஏதோ தில்லிச் செய்தி என்று விட்டுவிடாதீர்கள். நாம் உட்கார்ந்திருப்பது அன்னவாசல் ஒன்றியம். வேங்கைவயலும் இதே ஒன்றியம்தான். 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2025 ஜனவரியில், அதே சேரியைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை போட்டார்கள். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம், இந்த ஒன்றியத்துப் பிள்ளை ஒருத்தி, குடிதண்ணீரும் சாதியும் என்று ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுகிறாள். கறுப்பின மக்கள் அதிகம் வாழும் ஃபிளின்ட் நகரத்தில் 2014இல் குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்த கதையையும் நம்ம தொட்டியையும் சேர்த்து ஆராயப் போகிறேன் என்கிறாள். இதைவிட நல்ல ஆய்வுக் கேள்வி வேறு யாரிடம் இருக்கும்? அந்தப் பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படிப்பார். நம்ம அரசு, இது இந்தியா பற்றிய சமூக ஆய்வு, பணம் கிடையாது என்று திருப்பி அனுப்பும். அவள் மார்க் 58 என்றால் தலைப்பைக்கூடப் படிக்காது. அந்தக் கேள்வி இங்கேயே அடங்கிவிட வேண்டும் என்பதுதான் பூட்டுப் போட்டவனின் நோக்கம்.

அதனால் இரண்டு வேலை. அரசியல் வேலை ஒன்று. 60 சதவீத விதியை எடு, பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டால் அதுவே தகுதி என்று வை. தலைப்புத் தடையை நீக்கு. தேர்வானவர் அத்தனை பேருக்கும் பணம் ஒதுக்கிவிட்டுத் தேர்வு நடத்து. இந்த மூன்றையும் இட ஒதுக்கீட்டுக் கோரிக்கையோடு சேர்த்து ஊர் ஊராகப் பேச வேண்டும். தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் அயல்நாட்டுக் கல்வி உதவித் திட்டம் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் அதன் விதியை வாங்கிப் படித்து, அங்கேயும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

இன்னொன்று நம்ம கையில் இருக்கிற வேலை. பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனால் 'ஒனக்கெல்லாம் அமெரிக்காவா?' என்று சிரிக்கிற வாத்தியார்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதிலாகப் படித்து மேலே வந்த நம்ம ஆசிரியர்கள் ஆளுக்கு இரண்டு பிள்ளையைப் பொறுப்பெடுக்க வேண்டும். கடிதத்தில் 'நல்ல மாணவி, ஒழுக்கமானவர்' என்று எழுதி என்ன பயன்? அவள் எழுதிய கட்டுரையில் என்ன புதிதாகச் சொன்னாள், முதல் வருடம் ஏன் சறுக்கினாள், எப்படி எழுந்தாள் என்று எழுத வேண்டும். அந்த மார்க் ஷீட்டுக்கு இன்னொரு சாட்சி ஆசிரியர்தான்.

காலையில் ஏழடிப்பட்டம் ஏறிப் பார்த்திருப்பீர்கள். பாறையில் வழவழவென்று செதுக்கிய சமணப் படுக்கைகள் 17 இருக்கின்றன. ஒன்றின் ஓரத்தில் இரண்டாயிரம் வருடப் பழைய தமிழ் பிராமி எழுத்து. எருமி நாட்டில், மைசூர்ப் பக்கம் என்கிறார்கள், குமுழூரில் பிறந்த ஒருவருக்கு இந்தப் பக்கத்து இளையர் என்பவர் இருக்கை செய்து கொடுத்தார் என்பது செய்தி. அன்னிய நாட்டிலிருந்து வந்தவரிடம் யாரும் சதவீதம் கேட்டதாக அதில் இல்லை. கல்வியைத் தானம் என்று வைத்த சமயம் அது. பள்ளி என்கிற சொல்லே அந்தப் படுக்கைகளிலிருந்து வந்தது என்பார்கள். நம்ம பிள்ளை அன்னிய நாட்டுக்குப் போய் உட்காருவதற்கான இருக்கையை இங்கேயிருந்து நாம்தான் செதுக்கி அனுப்ப வேண்டும்.

சாப்பாட்டுக்கு அப்புறம் யாரும் கிளம்பிட வேண்டாம். மார்க் ஷீட் கொண்டுவந்தவர்கள் எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வாங்க. அந்த ஐந்தாறு வரியை இன்றைக்கே உட்கார்ந்து எழுதிவிடுவோம்.

ஜெய்பீம்.